புதுப்பிப்பு: அக்கா வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸும் எடிட்டிங் மென்பொருளும்

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்காவின் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ், படம் திருத்த எந்த மென்பொருள் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம்.

ஆன்டிவைரஸ் வாங்கவில்லை. விண்டோஸ் 11உடன் வரும் டிஃபெண்டரே போதும்.

உரிமம்தான் நிறைய யோசிக்க வைத்தது. அக்கா எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் புடவைப் படங்களைத் திருத்திக் கொடுத்துக் கூலி வாங்குகிறாள். 'இலவசம்' என்று வரும் பல மென்பொருள்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். காசு வாங்கினால் அந்த உரிமம் செல்லாது. நாங்கள் தேர்ந்தெடுத்த கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள் அப்படியல்ல. அது ஜிபிஎல் (GPL) என்ற பொது உரிமத்தில் வருகிறது: தொழிலுக்கும் பயன்படுத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஃபில்டர் (நிறம், வெளிச்சம் போன்றவற்றை மாற்றும் கருவி) போட்ட பிறகும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது. புடவையின் நிறம் பிசகாமல் காட்ட வேண்டியவளுக்கு இது பெரிய உதவி.

ஒரு கடையில் போட்டோஷாப்பின் 'கிராக்' பிரதியை (உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) பென் டிரைவில் நீட்டினார்கள். "நிறுவும் முன் டிஃபெண்டரை அணைத்துவிடுங்கள்" என்றார் கடைக்காரர். காவலை எடுத்துவிட்டு உள்ளே விடச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். அக்காவின் வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான் இருக்கிறது.

அடுத்து வீடியோ திருத்த, கேடென்லைவ் (Kdenlive) என்ற மென்பொருளைப் பழகப் போகிறாள். அதுவும் ஜிபிஎல்தான்.