தில்லியின் இரண்டு தூண்களும் என் தந்தையாரும்

தில்லிக்கு உறவினர்கள் வந்தால் எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் செங்கோட்டை, இந்தியா கேட், தாமரைக் கோயில், மறுநாள் ஆக்ரா என்ற அதே வரிசையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கும் நானும் அப்படித்தான் பலருக்குச் சொல்லி வந்தேன். 2018 பிப்ரவரியில் என் தந்தையார் பத்து நாள் தங்க வந்தபோதுதான் அந்த வரிசை மாறியது.

அவர் தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்தில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர். கலப்பைக் கொழு, அரிவாள், மண்வெட்டி, கட்டை வண்டிச் சக்கரத்துக்கான பட்டை என்று ஐம்பது ஆண்டுகள் இரும்போடு வாழ்ந்துவிட்டு, தோள் வலியால் சம்மட்டியைக் கீழே வைத்தவர். முதல் நாள் அவரைச் சுற்றுலாப் பேருந்தில் ஏற்றிவிட்டது என் தவறு. குதுப் மினார் வளாகத்துக்கு நாற்பது நிமிடம் மட்டும் ஒதுக்கினார்கள். உடன் வந்த வழிகாட்டி, அங்குள்ள இரும்புத் தூண் ஐந்து உலோகங்களைக் கலந்து வார்த்தது என்றும், அதன் இரகசியம் இன்றுவரை எவருக்கும் தெரியாது என்றும் சொல்லிவிட்டு எல்லோரையும் வண்டிக்கு விரட்டினார். வீடு திரும்பியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அது வார்ப்பு இல்லையேடா, அடிச்ச இரும்பு மாதிரியில்ல இருக்கு?" என்பதுதான்.

மறுநாள் விடியற்காலையிலேயே மெட்ரோவில் குதுப் மினார் இருக்கும் மெஹ்ரௌலிக்குப் போனோம். காலையில் போவதில் ஒரு நன்மை உண்டு: கூட்டம் இல்லை, வெயில் சாய்வாக விழுவதால் தூணின் மேடு பள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 1997இல் போடப்பட்ட வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, இரு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று மக்கள் வரிசையில் நின்றார்களாம். அத்தனை பேரின் கையும் முதுகும் பட்டுப் பட்டு, அடிப்பகுதி மட்டும் தனியாக மினுமினுத்துக் கிடக்கிறது.

அப்பா வேலியைச் சுற்றி நான்கு முறை நடந்தார். பிறகு தூணின் நடுப்பகுதியைக் காட்டி, அங்கே மேற்பரப்பு ஒரே சீராக இல்லாமல் இலேசாக அலைபோல எழுந்து தாழ்வதைப் பார்க்கச் சொன்னார். இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டினால்தான் அப்படி வரும் என்றார். "ஒருத்தன் ரெண்டு பேர் வேலை இல்லடா இது, பத்துப் பேரு ஒரே மூச்சுல அடிச்சிருக்கணும்." ஆய்வாளர்கள் கண்டதும் அதுதான். 7 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்தத் தூண், வார்க்கப்பட்டதன்று. கட்டிகளாக எடுத்த தேனிரும்பை அடித்து இணைத்துச் செய்யப்பட்டது.

துருவைப் பற்றியும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டினால் எங்கள் பட்டறைக் கூரைக்கடியில் வைத்த கொழுவே சிவந்துவிடும். கான்பூர் ஐஐடியின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இந்தத் தூணையே பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அக்காலத்தில் கரி உலையில் சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் இரும்பை எடுத்ததால் அதில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கிவிட்டது. அந்தப் பாஸ்பரஸ்தான் காலப்போக்கில் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று உருவாகக் காரணமாகி, உள்ளிருக்கும் இரும்பைக் காத்து நிற்கிறது. தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணைநின்றிருக்கிறது. இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப மண்ணுக்குள்ள இருக்கிற பக்கம் துரு ஏறியிருக்குமே" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் பகுதியில் துரு படிந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

தூணில் ஆறு வரிகளில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரன் என்ற அரசன் விஷ்ணுபதம் என்னும் குன்றின்மேல் திருமாலுக்குக் கொடிமரமாக இதை நிறுத்தினான் என்று அது சொல்கிறது. குப்த மன்னன் இரண்டாம் சந்திரகுப்தனே அவன் என்பது பெரும்பாலோர் முடிவு. ஆக, இந்தத் தூண் பிறந்த இடம் தில்லியன்று; வேறெங்கிருந்தோ பின்னாளில் கொண்டுவரப்பட்டது. அந்த அரசனின் வீரக் காற்றால் தென்கடல் இன்னும் மணக்கிறது என்று அதில் ஒரு வரி வருகிறது. அதைப் பொருள் சொன்னபோது, அந்தத் தென்கடலின் கரைப்பக்கத்திலிருந்து வந்த அப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அங்கே போகிறவர்கள் சிறிய பைனாகுலர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வேலிக்கு வெளியே நின்றபடியே எழுத்துகளைப் பார்க்கலாம். மினாரைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. 72.5 மீட்டர் உயரமுள்ள அதைக் காணத் தவறுகிறவர் எவருமில்லை.

இரண்டாவது தூணுக்கு ஒரு வியாழக்கிழமை போனோம். கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியுள்ள ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளின் நடுவே, அடுக்கடுக்கான கட்டடத்தின் உச்சியில் அசோகரின் கல்தூண் நிற்கிறது. இன்றைய ஹரியானாவிலுள்ள டோப்ரா என்ற ஊரில் நின்றிருந்த அதைப் பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் இங்கே கொண்டுவந்தார். சிறுவனாக அதை நேரில் கண்ட அஃபீஃப் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருப்பதைப் படித்தால் வியப்பு அடங்காது. தூணைச் சுற்றி இலவம் பஞ்சை மலைபோலக் குவித்து, அடிமண்ணைத் தோண்டி, தூணை அந்தப் பஞ்சின்மேல் சாய்த்து, பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தரையில் இறக்கினார்கள். நாணலும் பச்சைத் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டிய கயிற்றை 200 பேர் இழுத்து, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுச் சேர்த்தார்கள்.

தூணில் பொறித்திருந்த எழுத்தை அன்று படித்துச் சொல்ல எவராலும் முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் பிராமி எழுத்தைப் படித்தறிந்ததில் இந்தத் தூணுக்குப் பெரும் பங்குண்டு. வழிநெடுக ஆலமரங்களை நட்டதையும் கிணறுகள் வெட்டியதையும் அசோகர் சொல்லும் ஏழாம் தூண் சாசனம் இந்த ஒரு தூணில் மட்டுமே காணப்படுகிறது. நாங்கள் போன அன்று மேலே ஏற விடவில்லை.

கீழே இருந்த காட்சி வேறு. கட்டடத்தின் இருண்ட அறைகளில் ஊதுபத்தி புகைய, மக்கள் ஜின்கள் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கு மனு எழுதிவைத்துக் கொண்டிருந்தார்கள். வயதான அம்மையார் ஒருவர் ஒரே கடிதத்தின் நகல்களை நான்கு மாடங்களில் செருகிவிட்டு, ஐந்தாவதைத் தூக்கி வைக்கக் கை எட்டாமல் நின்றார். அப்பா அதை வாங்கி மாடத்தில் வைத்து, காற்றில் பறக்காதிருக்க ஒரு சிறு கல்லையும் மேலே வைத்தார். அந்த அம்மையார் கைகூப்பினார். மகனுடைய வேலைக்காக எழுதியிருப்பதாக என்னிடம் இந்தியில் சொன்னார். அப்பாவிடம் அதை மொழிபெயர்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு அந்த 42 சக்கர நினைவுதான். எங்கள் ஊர்த் தேரின் நான்கு சக்கரங்களுக்குப் பட்டையும் அச்சாணியும் செய்ய அவருக்கு இரண்டு மாதம் ஆனதாம். அடுத்த முறை வரும்போது டோப்ராவுக்குப் போய், அந்தத் தூண் முதலில் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். யமுனாநகர் வரை இரயிலில் போய்விடலாம். அதற்கப்பால் முதியவர் ஒருவரை அழைத்துச் செல்ல வழி எப்படி என்பதை, அங்கே சென்று வந்தவர்கள் யாரேனும் இருந்தால் விரிவாக எழுதுங்கள்.