குரோனிங்கன் எரிவாயு வயலை மூடிவிட்டுக் கப்பலில் வரும் வாயுவை வாங்குவது சரியா?

கேள்வி:

நெதர்லாந்தின் வடபகுதியில் உள்ள குரோனிங்கன், ஐரோப்பாவின் மிகப் பெரிய இயற்கை எரிவாயு வயல்களில் ஒன்று. 1959இல் கண்டறியப்பட்ட அந்த வயலில் எடுக்கப்படாத வாயு இன்னும் ஏராளமாக இருக்கிறது. 2022இல் ரஷ்யா குழாய்வழி அனுப்பிவந்த வாயுவைப் படிப்படியாகக் குறைத்து, ஐரோப்பா முழுவதும் விலையேற்றத்தில் தவித்தபோதும், அங்கே உற்பத்தியைக் கூட்ட நெதர்லாந்து அரசு முன்வரவில்லை. 2023 அக்டோபர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தி, 2024இல் நிரந்தரமாக மூடுவதற்குச் சட்டமும் இயற்றியது. அதே நாடு அட்லாண்டிக்கைக் கடந்து கப்பலில் வரும், திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயுவை வாங்குகிறது. இதனால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேடு குறைகிறதா, அல்லது இடம் மட்டும் மாறுகிறதா?

பதில் 1:

நிலத்தடியில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வாயு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில், மணற்பாறையின் நுண்துளைகளில் அழுத்தத்துடன் அடைபட்டிருந்தது. மேலே உள்ள பாறைகளின் பாரத்தைத் தாங்கியதில் அந்த அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து, மணற்பாறை நசுங்கி, பழைய நிலப்பிளவுகள் நழுவத் தொடங்கின. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹாய்சிங்க என்ற சிற்றூரில் ஏற்பட்ட அதிர்வு 3.6 அளவுதான். ஆனால் அது ஆழம் குறைந்த அதிர்வு. மேலே இளகிய களிமண், அதன்மேல் அதிர்வை எதிர்பார்த்துக் கட்டப்படாத செங்கல் வீடுகள். சுவர்கள் விரிந்தன, சில வீடுகள் சரியாமல் இருக்க வெளியிலிருந்து மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள்.

என் மனத்தை உறுத்துவது அடுத்து நடந்ததுதான். உற்பத்தியை விரைவில் குறைக்குமாறு அரசின் சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு 2013 ஜனவரியில் எச்சரித்தும், அந்த ஆண்டில் சுமார் 5,400 கோடி கன மீட்டர் வாயு எடுக்கப்பட்டது. இது முந்தைய ஆண்டைவிட அதிகம். குரோனிங்கன் மக்களின் நலன் புறக்கணிக்கப்பட்டதை நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023இல் வெளிப்படையாகப் பதிவுசெய்தது. 2022இன் நெருக்கடியைக் காட்டி மீண்டும் அதே மக்களிடம் போய் நிற்பது நியாயமாகாது.

பதில் 2:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் கேள்வியின் மறுபாதியைத் தட்டிக்கழிக்க முடியாது. கப்பலில் ஏற்றத் திரவமாக்குவதற்கு வாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். கன அளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும், ஆனால் அந்த வேலைக்கே வாயுவின் ஒரு பகுதி எரிந்து தீர்கிறது. அமெரிக்காவிலிருந்து வருவதில் பெரும்பகுதி, நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து எடுக்கும் வாயு. இம்முறையைப் பிரான்ஸ் 2011இலேயே தன் மண்ணில் தடைசெய்தது. ஜெர்மனியும் 2017இல் பெருமளவு தடுத்தது. இரண்டும் இன்று அமெரிக்க வாயுவை இறக்குமதி செய்கின்றன. தன் நிலத்தடி நீருக்கு ஆகாது என்று ஒதுக்கிய முறையில் வேறொருவர் நிலத்தில் எடுத்ததை வாங்கும்போது, அந்தக் கேடு வாங்குபவரின் கணக்கில் ஏறுவதே இல்லை.

இதில், இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் கசிவதையும் சேர்க்க வேண்டும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இறக்குமதியாகும் வாயுவின் கசிவும் அளக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் விதி வகுத்தது. விற்பவரிடம் அதைக் கண்டிப்புடன் கேட்க, வேறு இடத்தில் வாங்கும் வழி கையில் இருக்க வேண்டும். ரஷ்ய வாயுவைப் பெருமளவு குறைத்த பிறகு அந்த வழி குறுகிவிட்டது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. கிணறுகளை சிமென்ட் இட்டு அடைக்காமல், அவசரத்துக்கென்று வைத்திருக்கலாம் அல்லவா?

பதில் 1:

அதைச் செய்து பார்த்தார்கள், நண்பரே. உற்பத்தி நின்ற பிறகும் 2024 ஜனவரியில் கடுங்குளிர் வந்தபோது சிறிதளவு வாயு எடுக்கப்பட்டது. கிணறு திறந்திருக்கும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் அந்த மக்களுக்கு அச்சத்தோடுதான் பிறக்கும். மூடிய பின்னும் நிலத்தடி அழுத்தம் சமநிலைக்கு வரும்வரை பல ஆண்டுகளுக்கு அதிர்வுகள் தொடரும் என்பதால், வீடுகளை வலுப்படுத்தும் வேலையும் இன்னும் முடியவில்லை.