உதவிப் பக்கப் பொருளடக்கம்: எத்தனை நிலைத் தலைப்புகள் வரை காட்டலாம்?

வர்த்தூர்_ஏரிக்கரை:
பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான தண்ணீர் மீட்டர் மென்பொருளுக்கு இணைய உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். காவிரி, போர்வெல், டேங்கர் என எந்த வழியில் வந்த தண்ணீரானாலும் வீடுவாரியாகக் கணக்கிடும் மென்பொருள் அது. தளம், எம்கேடாக்ஸ் என்ற ஆவணத் தளம் உருவாக்கும் கருவியில் இருக்கிறது. பிழைக் குறியீடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில், நான்காம் நிலைத் தலைப்புகளாக உள்ளன. எல்லா நிலைகளையும் காட்டினால் பொருளடக்கம் கைபேசித் திரையில் முடிவில்லாமல் நீள்கிறது. மூன்றோடு நிறுத்தினால் குறியீடுகளே மறைந்துவிடுகின்றன. மேலாளரோ இரண்டு போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. டேங்கர் வாசலில் காத்திருக்க, பம்ப் அறையில் நிற்கும் மேற்பார்வையாளர் தேடுவது அந்தக் குறியீட்டைத்தான். அளவை எங்கே மாற்றுவது? எத்தனை வைப்பது?

கையேட்டுக்காரன்:
எம்கேடாக்ஸ்.ஒய்எம்எல் கோப்பில், மார்க்டவுன் நீட்சிகளுக்கான பகுதியில், டிஓசி (பொருளடக்கம்) என்பதன் கீழ் டிஓசி_டெப்த் என்று சேருங்கள். எதுவும் தராவிட்டால் அது 6, அதாவது எல்லா நிலைகளும். "2-3" என்று வரம்பாகவும் தரலாம். பட்டியலில் வராத தலைப்புக்கும் ஐடி (முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும் அடையாளம்) உருவாகிவிடும். எனவே நேரடி இணைப்புகள் உடையாது. ஆனால் இந்த அமைப்பு தளம் முழுவதற்கும் பொருந்தும். டாக்குசாரஸ் என்ற இதேபோன்ற கருவியில் இயல்பான வரம்பு 2 முதல் 3 வரை. அங்கே பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் சிக்கல் எண்ணில் இல்லை. குறியீடு ஏன் நான்காம் நிலைக்கு இறங்கியது? பிழை நீக்கம், அதற்குள் வன்பொருள், அதற்குள் வால்வு என்று ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கியதால். வால்வு, சென்சார், கட்டணம் எனத் தனித்தனிப் பக்கங்களாகப் பிரியுங்கள். குறியீடு இரண்டாம் நிலைக்கு ஏறிவிடும். மேலாளர் கேட்டபடி இரண்டு நிலையே போதுமானதாகிவிடும். தலைப்பை வெறும் "பிழை 14" என்று விடாமல் "பிழை 14: வால்வு மூடவில்லை" என்று எழுதுங்கள். அவசரத்தில் வருபவர் பொருளடக்கத்தை மட்டும்தான் படிப்பார்.

வர்த்தூர்_ஏரிக்கரை:
மிக்க நன்றி சார். இன்னொன்று: எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்று எங்கள் குழுவில் சிலர் இரண்டாம் நிலையிலிருந்து நேராக நான்காம் நிலைக்குத் தாவுகிறார்கள். அதைத் திருத்தச் சொல்லி வற்புறுத்தலாமா?

செவிவழி:
கட்டாயம் வற்புறுத்துங்கள். நான் என்விடிஏ திரைவாசிப்பான் வழியாகப் படிப்பவன். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். 2 அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கு. "நிலை 4" என்று திடீரென்று காதில் விழுந்தால் நடுவில் ஏதோ ஒரு பகுதியைத் தவறவிட்டேன் என்று நினைத்துத் திரும்பிப் போய்த் தேடுவேன். எழுத்தின் அளவு, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்பின் வேலை. தலைப்பு நிலை எங்களுக்கு வழிகாட்டி; அதில் கை வைக்க வேண்டாம்.

வர்த்தூர்_ஏரிக்கரை:
இதை அப்படியே குழுவுக்கு அனுப்புகிறேன். பக்கத்தைப் பிரிப்பதில் ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. மீட்டர் பெட்டிகளில் ஒட்டியுள்ள கியூஆர் ஸ்டிக்கர்கள் பழைய பக்கத்தின் அந்தந்தக் குறியீட்டுக்கே நேராகப் போகின்றன. பழைய முகவரியைச் சர்வரில் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதுமா?

கையேட்டுக்காரன்:
போதாது. முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. எந்தக் குறியீடு என்று சர்வருக்குத் தெரியாது. பழைய பக்கத்தை அழிக்காதீர்கள். அதே ஐடிகளோடு தலைப்புகளை வைத்து, ஒவ்வொன்றின் கீழும் புதிய பக்கத்துக்கு ஒரு வரி இணைப்புக் கொடுங்கள். எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் தீம் (தோற்ற வார்ப்புரு) பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் பொருளடக்கத்தை மறைத்துவிடலாம்.