இரைப்பைப் புற்றுக்கட்டியில் சிடி8 செல்களை எங்கே எண்ணுவது?

கேள்வி: ஒரே கட்டியில் ஓரத்தில் சிடி8 (புற்றுச் செல்களைக் கொல்லும் டி-லிம்போசைட்) மொய்க்கிறது, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். முன்கணிப்புக்கு எதை எடுப்பது?

பதில் 1: ரெண்டையும் தனித்தனியா எண்ணுங்க. சராசரி போட்டா, செல்கள் உள்ளே நுழைய முடியாம ஸ்ட்ரோமாவில் (புற்றுச் செல்களைச் சூழ்ந்த இணைப்புத் திசு) மாட்டி நிற்பதே தெரியாமப் போயிடும். புண்ணின் மேற்பரப்பைத் தொடாதீங்க. எச். பைலோரி பாக்டீரியாவால் அழற்சி உள்ள பக்கத்துச் சளிச்சவ்வையும் விடுங்க. அங்கே குவியும் லிம்போசைட் கணக்கை உப்ப வச்சிடும்.

பதில் 2: கட்டியின் வகை தெரியாம எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்லாதீங்க. ஈபிவி, அதாவது எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள கட்டிகளிலும் (டிசிஜிஏ என்ற புற்று மரபணுத் திட்டத்தின் 2014 ஆய்வில் சுமார் 9%), எம்எஸ்ஐ, அதாவது டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்ட கட்டிகளிலும் (சுமார் 22%) லிம்போசைட் பொதுவாவே அதிகம். வைரஸைக் காட்டும் ஈபர் சோதனையும், பிழைதிருத்தப் புரதம் இருக்கான்னு காட்டும் எம்எல்எச்1 சாயமும் முதல்ல.

கேட்டவர்: சிபிஎஸ்-க்கும் (பிடி-எல்1 புரதத்துக்கான கூட்டு மதிப்பெண்) இதே எண்ணிக்கை உதவுமா?

பதில் 1: உதவாது, அது வேற கணக்கு. பிடி-எல்1 சாயமேறிய கட்டிச் செல், லிம்போசைட், மேக்ரோபேஜ் (விழுங்கு செல்) மூணையும் கூட்டி, உயிருள்ள மொத்தக் கட்டிச் செல்களால் வகுத்து 100-ஆல் பெருக்கணும். குறைஞ்சது 100 கட்டிச் செல் வேணும். பிளாஸ்மா செல், நியூட்ரோஃபில் சேராது. சிக்னெட் ரிங் (மோதிர வடிவச் செல்) வகையில்தான் தலைவலி: கட்டிச் செல்லே மேக்ரோபேஜ் மாதிரி இருக்கும். அடுத்த வெட்டில், கட்டிச் செல்லில் ஏறும் கெரட்டின் சாயம் போட்டுப் பிரிச்சுக்கோங்க.