மறு: போக்கர் சீட்டாட்டத்தின் ‘திரீ-பெட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மும்மடிப் பந்தயம்’ என்றே வைத்துவிடலாமே, எண்ணும் தெளிவாக இருக்கிறது.

ஐயா, அந்த எண்தான் சிக்கல். மும்மடி என்றதும் மூன்று மடங்கு பணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த மூன்று வெறும் வரிசை எண். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பெரிய பிளைண்ட் முதல் பந்தயம், அதன்மேல் ஒருவர் ஏற்றினால் இரண்டாவது, அவர்மேல் இன்னொருவர் ஏற்றினால் மூன்றாவது. ஏற்றங்களை மட்டும் எண்ணினால் அது இரண்டாவதுதான், ஆக எண்ணை வைத்துப் பெயரிட்டால் ஒவ்வொரு முறையும் இந்த விளக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் யோசனை எதிரேற்றம். முதலில் ஏற்றியவரே அதற்குமேல் திரும்பவும் ஏற்றினால், அதாவது ‘ஃபோர்-பெட்’, பதிலேற்றம்.

ஆட்டத்தை விட்டு விலகும் ‘ஃபோல்ட்’டுக்கு ‘மடிப்பு’ம் வேண்டாம். சீட்டை யார் மடிக்கிறார்கள்? கவிழ்த்துத்தான் போடுகிறோம், கவிழ்ப்பு போதும்.

> ‘கால்’ எல்லாருக்கும் தெரிந்த சொல், அப்படியே விடலாம்.

டர்பனில் விட முடியாது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் துனிச் சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்குக் ‘கால்’ என்றால் துருப்பு வைக்கும் உரிமைக்காகப் பத்துப் பத்தாக ஏற்றிக் கேட்பது. போக்கரில் அது ஏற்றாமல் சமமாகப் போடுவது, நேர் எதிர். அதனால் ஈடு, ஈடு கட்டுதல். காசு விஷயத்தில் இது ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் பேச்சுதான்.

சரி, சொற்கள் நிற்குமா என்று ஒரு ஆட்டத்தை எழுதிப் பார்க்கிறேன். பெரிய பிளைண்டை 1 என்றும் சின்ன பிளைண்டை 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். நான் பட்டன் இருக்கையில் (சீட்டுப் பகிர்பவர் இடத்தில்) இருந்து 2.5 பிளைண்டுக்கு ஏற்றுகிறேன், சின்ன பிளைண்ட் கவிழ்க்கிறார், பெரிய பிளைண்ட் 10-க்கு எதிரேற்றம் செய்கிறார். நடுவில் 13 கிடக்கிறது, ஈடு கட்ட 7.5 வேண்டும். மொத்தம் 20.5 ஆகும், அதில் என் பங்கு சுமார் 37 சதவீதம்; பின்னால் நடக்கப்போகும் பந்தயங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவ்வளவாவது வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் ஈடு கட்டுவது நியாயம். அப்படியானால் பயந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாமா? அவர் பக்கம் இருந்து பாருங்கள்: ஏற்கெனவே வைத்த 1 போக இன்னும் 9 போட்டு, கிடக்கும் 4-ஐப் பறிக்கப் பார்க்கிறார். பத்தில் ஏழு முறை நான் கவிழ்த்தால் அவர் கையில் என்ன இருந்தாலும் அவருக்கு லாபம்தான், சீட்டைப் பார்க்கவே தேவையில்லை.

ஆனால் எதிராளி யார் என்பதை விட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுவதும் அசட்டுத்தனம். ஒருவருடைய எதிரேற்ற விகிதம், அதாவது வாய்ப்பு வரும்போது அவர் எதிரேற்றம் செய்யும் அளவு, 3 சதவீதம் என்றால் ஏஸ், ராஜா, ராணி, ஜாக் ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும்தான், கைக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுகளின் 1326 சேர்க்கைகளில் 40. (துனிக்காரர்கள் ஜாக்கைக் கடைசியில் எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம், இங்கே அது ராணிக்கும் கீழே.) அவரிடம் பெருமை பேசாமல் கவிழ்க்கலாம். 12 சதவீத ஆள் வேறு. அவருக்குப் பதிலேற்றம் வேண்டும், அதற்கு எனக்குப் பிடித்தது ஒரே சின்னத்தில் ஏஸும் ஐந்தும்: என் கையில் ஓர் ஏஸ் இருந்தாலே அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய வழிகள் 6-இலிருந்து 3 ஆகிவிடும், அவர் ஈடு கட்டினாலும் அந்தச் சீட்டுக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும்.

ராண்டில் எழுதாமல் பிளைண்டில் எழுதியதற்குக் காரணம், தென்னாப்பிரிக்காவில் 2004 தேசியச் சூதாட்டச் சட்டத்தின்படி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கருக்கு அனுமதி இல்லை. காசில்லாத மேசையிலும் கணக்கு இதேதான்.

மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டுகளை விரிக்கும் முன் நடக்கும் ‘பிரீஃப்ளாப்’புக்கு ‘விரிப்புக்கு முன்’ எனக்குச் சம்மதம்.

அப்புறம் ஒன்று பாக்கி. ஒருவர் ஏற்றி, இன்னொருவர் ஈடு கட்டி, அதன்மேல் மூன்றாமவர் பெரிதாக எதிரேற்றம் செய்வது, ‘ஸ்க்வீஸ்’. ‘நெருக்கேற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?