புதுப்பிப்பு: நைரோபியில் முதல் பத்து நாள்

இங்கே பேசும் சுவாஹிலி மொழி தெரியாமல், நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவில் ஒரு சமூக அமைப்பில் பயிற்சிக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஆங்கிலமே போதும் என்றீர்கள். அலுவலகத்துக்குப் போதும்தான், சந்துக்குள் இறங்கினால் போதாது.

முதல் கூட்டத்தையே கோட்டை விட்டேன். தண்ணீர்க் குழு அக்கா "சா டாட்டு" என்றார். சா என்றால் மணி, டாட்டு என்றால் மூன்று என்று மனப்பாடம் செய்திருந்ததால், மதியம் 3 மணிக்குப் போய் நின்றேன். ஈ, காக்கா இல்லை! சுவாஹிலிக் கணக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது; காலை 7 அவர்களுக்கு ஒரு மணி. ஆக, கூட்டம் காலை 9-க்கு. (நம் நாழிகையும் சூரிய உதயத்திலிருந்துதானே? உறைக்கவில்லை.)

அக்கா திட்டவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது 20 லிட்டர் கேனில் தண்ணீர் விற்கும் இடங்களைக் கணக்கெடுக்கிறேன். உகாலி பழகிவிட்டது, கிட்டத்தட்ட நம் களிதான். மட்டாட்டு எனும் பயணிகள் வேன்களின் பாட்டுச் சத்தம்தான் இன்னும் காதைப் பிளக்கிறது.