வாசல் கொங்கிறீற் வெடிப்பு: சங்கம் உடைக்கச் சொல்லலாமா?

கேள்வி: கொக்குவிலில் ஒரு வீட்டுத் தொகுதியில் இருக்கிறோம். கேற்றடியிலிருந்து வாசல்வரை போட்ட கொங்கிறீற் வெடித்து, ஓரிடத்தில் கம்பியும் தெரிகிறது. முழுதும் உடைத்துப் புதிதாகப் போடச் சொல்லிக் குடியிருப்பாளர் சங்கம் கடிதம் தந்திருக்கிறது. கட்டாயமா?

பதில் 1: முதலில் காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் பாருங்கோ அண்ணை, அந்தத் துண்டு பொதுப்பாதைக்குள் விழுந்தால் நீங்கள் ஏன் தனியச் செலவழிக்க வேணும்? உங்கள் காணிக்குள் என்றால் நீங்கள் கையெழுத்து வைத்த சங்க யாப்பில் (விதிகளில்) என்ன இருக்கிறது என்பதுதான் கதை. எழுத்தில் கேளுங்கோ, வாய்ப்பேச்சு வேண்டாம்.

பதில் 2: நூல் வெடிப்பென்றால் பூசலாம். கம்பி துருவேறி வீங்கினால் மேலே பூசுவது வீண் காசு, அந்தத் துண்டை வெட்டித்தான் எடுக்க வேணும். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் குழைத்தார்களோ? அந்த உப்புத்தான் கம்பியைத் தின்னும். ஐப்பசி மழைக்கு முன்னம் போட்டு, ஈரச்சாக்கு மூடி ஒரு கிழமையாவது நனையுங்கோ.

கேட்டவர்: யாப்பில் 'பராமரிக்க வேண்டும்' என்று மட்டும்தான் இருக்கிறது. சரி, பழுதான துண்டை மட்டும் செய்வதாக எழுதிக் கொடுக்கிறேன்.